ஹைப்பர்சொனிக் என்றால் என்ன? ஒரு ஒப்படையும் ஒரு ஸ்கேன் படமும்

திருகோணமலையில் நான் நடத்துவது ஒரு சின்னக் கொமினிகேசன். போட்டோக்கொப்பி, தட்டச்சு, லமினேட்டிங், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று நாள் போகும். தவணை முடிவு நெருங்கினால் பிள்ளைகள் ஒப்படையோடு வந்து நிற்பார்கள். போன வருடம் பத்தாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் ஆறு பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்தான். தலைப்பு 'மீயொலி விமானங்கள்'. முன் அட்டைக்கு நல்ல படம் ஒன்றும் வேண்டும் என்றான்.

கடையில் அன்று சரியான சனம். அவசரத்தில் 'மீயொலி' என்று மட்டும் தேடினேன். வந்த படங்களில் ஒன்று சாம்பல் நிறத்தில் விசிறிபோல விரிந்து நின்றது. ராடார் படமாக இருக்கும் என்று எண்ணி, அட்டை நடுவில் பெரிதாகப் போட்டு, கலரில் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் பின்னேரம் பெடியன் ஒப்படையைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"அண்ணா, ரீச்சர் கேக்கிறா, இது ஆற்ற பிள்ளை எண்டு."

கர்ப்பிணித் தாய்மாருக்கு எடுக்கும் ஸ்கேன் படம் அது.

பிழை என்னுடையதுதான். ஆனால் பாதிக் குற்றம் அந்தச் சொல்லின் மேலும் இருக்கிறது. 'மீ' என்றால் மேலே. 'மீயொலி' என்றால் ஒலிக்கு மேலே. சரி, எதில் மேலே? நம் காது கேட்கக்கூடிய அளவுக்கு மேலே அதிரும் ஒலியா, ஒலியின் வேகத்துக்கு மேலே பறக்கும் விமானமா? தமிழில் இரண்டுக்கும் இந்தச் சொல்லைப் போட்டு வைத்திருக்கிறோம். இலங்கைப் பாடப்புத்தகத்தில் முதலாவதற்குக் 'கழியொலி' என்று தனிச் சொல் உண்டு, கழியூதாக் கதிர் என்கிறோமே, அந்த மாதிரி. இந்தியத் தமிழில் அதற்கும் மீயொலி. இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்து வரும். ஸ்கேன் படமும் வரும்.

ஆங்கிலக்காரரும் இதே சிக்கலில் ஒரு காலம் கிடந்தவர்கள் என்று பிறகு வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 1920களில் 'சுப்பர்சொனிக்' என்றால் காதுக்கு எட்டாத ஒலி என்றுதான் அவர்களுக்கும் பொருள். விமானங்கள் வேகம் கூடக் கூட அந்தச் சொல்லை வேகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒலிக்கு 'அல்ட்ராசொனிக்' நிலைத்தது. அதன் பிறகு இன்னும் வேகமானதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதுதான் இன்றைக்குச் செய்தி கேட்பவர் வாயிலெல்லாம் புழங்கும் ஹைப்பர்சொனிக்.

வேடிக்கை என்னவென்றால், 'சுப்பர்' லத்தீன், 'ஹைப்பர்' கிரேக்கம், இரண்டுக்கும் பொருள் 'மேலே'தான். சொல்லை மட்டும் பிரித்துப் பார்த்தால் சுப்பர்சொனிக்கும் ஹைப்பர்சொனிக்கும் ஒன்றே. இன்னது இதற்கு, இன்னது அதற்கு என்று துறைக்காரர்கள் பிரித்துக்கொண்டதால்தான் வித்தியாசம். 1946இல் அமெரிக்காவில் இருந்த சீன விஞ்ஞானி சியான் சூசென் இந்த அதிவேகக் காற்றோட்டம் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஹைப்பர்சொனிக் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது நிலைத்துவிட்டது. பின்னாளில் கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டு, 1955இல் சீனாவுக்குத் திரும்பி, அந்த நாட்டின் ஏவுகணைத் திட்டத்துக்கே தந்தையானவர் அவர். அது தனிக் கதை.

சுருக்கமான வரைவிலக்கணம் இவ்வளவுதான்: ஒலியின் வேகத்தைப் போல் ஐந்து மடங்கு, அல்லது அதற்கு மேல். பெடியனின் ஒப்படைக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் ஏன் ஒலியை வைத்து அளக்க வேண்டும், ஏன் நாலு இல்லை, ஏழு இல்லை, ஐந்து? அதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் ஒலியின் வேகம். டச்பே கடற்கரையில் காலை வேளையில் ஒரு முனையில் நின்றுகொண்டு, தூரத்தில் வள்ளம் திருத்துகிற ஆளைப் பாருங்கள். சுத்தியல் மரத்தில் விழும். சத்தம் வராது. ஆள் அடுத்த அடிக்குக் கையை ஓங்கும்போதுதான் முதல் அடியின் 'டக்' உங்களிடம் வந்து சேரும். அடி விழுந்து ஒரு செக்கன் கழித்துச் சத்தம் வந்தால் அவர் ஏறத்தாழ 350 மீற்றர் தள்ளி நிற்கிறார் என்று பொருள். நம்மூர் 30 பாகை வெயிலில் ஒலி செக்கனுக்கு அவ்வளவு தூரம் போகும். மணித்தியாலக் கணக்கில் 1,250 கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும்.

வெயிலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. குளிர்ந்த காற்றில் மூலக்கூறுகள் மந்தமாக அசையும், செய்தியைக் கைமாற்றவும் நேரமெடுக்கும். பயணிகள் விமானம் பறக்கும் 11 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 56 பாகை. அங்கே ஒலி மணிக்கு 1,060 கிலோமீற்றர் அளவில்தான் போகும். ஆகவே 'ஒலியைப்போல் ஐந்து மடங்கு' என்பது நிலையான ஒரு எண் இல்லை. கடல்மட்டத்தில் அது 6,200க்கு மேல், மேலே போனால் 5,300. பத்திரிகைகளில் ஒரு நாள் ஒரு எண்ணும் இன்னொரு நாள் வேறு எண்ணும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

இந்தத் தொல்லைக்காகத்தான் கிலோமீற்றரை விட்டுவிட்டு 'மாக் எண்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். விமானத்தின் வேகத்தை அந்த இடத்து ஒலியின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒலிக்குச் சமம் என்றால் மாக் 1, இரண்டு மடங்கு என்றால் மாக் 2. ஏர்ன்ஸ்ட் மாக் என்ற ஒஸ்திரிய இயற்பியலாளரின் பெயர் அது. பறக்கும் துப்பாக்கிக் குண்டையும், அதன் முன்னே காற்றில் எழும் அலையையும் படம் பிடித்து 1887இல் வெளியிட்டவர்களில் ஒருவர். 1916இல் அவர் இறந்தபோது ஒலியைத் தாண்டும் விமானம் கனவில்கூட இல்லை. அவர் பெயரை எண்ணுக்கு வைத்தது 1929இல், ஜேக்கப் அக்கரெட் என்ற சுவிஸ்காரர்.

சரி, ஒலியைத் தாண்டினால் என்ன நடக்கிறது?

சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். சுவாமி தெருவுக்குள் திரும்பும் முன்பே மேளமும் நாதஸ்வரமும் வந்துவிடும். சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர் நிறைகுடம் வைப்பார்கள், மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளுவார்கள், சனம் ஓரமாக ஒதுங்கும். சுவாமி வரும்போது வழி கிடைத்திருக்கும். சாதாரண விமானத்துக்குக் காற்று வழிவிடுவது இப்படித்தான். விமானத்தின் மூக்கு காற்றைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் முன்னேயிருக்கும் காற்றுக்கு ஒலியின் வேகத்தில் போய்ச் சேருகிறது. காற்று மெல்ல விலகுகிறது.

இப்போது மேளத்தைவிட வேகமாகச் சுவாமி வந்தால்? தெருவில் யாருக்கும் தகவல் போயிருக்காது. நின்ற சனம் நின்றபடியே இருக்க, ஊர்வலம் அப்படியே மோதும். முன்வரிசையில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராக நெருக்குண்டு ஒரு சுவர்போல் ஆகிவிடுவார்கள். மாக் 1ஐத் தாண்டிய விமானத்தின் முன்னே காற்று ஆவது இதுதான். தடிப்பே இல்லை என்று சொல்லுமளவு மெல்லிய ஒரு படலத்தில் காற்றின் அமுக்கம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றும் திடீரென்று எகிறும். அதற்குப் பெயர் அதிர்ச்சி அலை.

அது விமானத்தோடு கூம்பு வடிவில் பின்னோக்கி விரிந்து வரும். பார்க்க ஆசையென்றால் கோணேசர் கோவில் மலையுச்சியில் நின்று கீழே கடலைப் பாருங்கள். என்ஜின் போட் ஒன்று போகும்போது அதன் பின்னே இரண்டு பக்கமும் அலை விரிந்துகொண்டு போகும் அல்லவா? போட் தன் அலையை முந்திக்கொண்டு ஓடுவதால் வரும் கோலம் அது. நீரலையின் கணக்கு வேறு, காற்றின் கணக்கு வேறு. படத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் கால் நனைத்துக்கொண்டு நிற்பவருக்குப் போட் கடந்து கொஞ்ச நேரம் கழித்து அந்த அலை வந்து 'சளக்' என்று அடிக்கும். விமானத்தின் அலை தரையில் நிற்பவரை அடிக்கும்போது 'டொம்' என்று இடி போலக் கேட்கும். பலர் நினைப்பதுபோல் அந்த இடி ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மட்டும் வருவதில்லை. விமானம் அந்த வேகத்தில் போகும் தூரம் முழுக்க, கீழே உள்ள ஊர் ஊராக அலை அடித்துக்கொண்டே வரும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தடவை கேட்கும்.

எங்கள் வயதுக்காரருக்கு வேகமான விமானம் என்றால் 'கிபிர்'தான். 1996இல் இலங்கை விமானப்படை வாங்கிய இஸ்ரேலியத் தயாரிப்பு. எபிரேய மொழியில் சிங்கக்குட்டி என்று பொருளாம். நமக்கு அது ஒரு சத்தத்தின் பெயர். "கிபிர் வருது" என்றால் பிறகு யாரும் விளக்கம் கேட்பதில்லை. உயரத்தில் பறந்தால் அது மாக் 2ஐத் தாண்டக்கூடியது, எனவே சுப்பர்சொனிக் வகை. ஆனால் குண்டுகளைச் சுமந்துகொண்டு தாழப் பறக்கும்போது எந்த விமானமும் அந்த வேகத்துக்குப் போவதில்லை. நாம் காதைப் பொத்திக்கொண்டு கேட்டது பெரும்பாலும் என்ஜினின் இரைச்சல்.

அதற்கும் முந்திய தலைமுறைக்கு யப்பான் விமானம். 1942 ஏப்ரல் 9இல் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டார்களே, அன்றைக்கு வானத்தில் இருந்ததிலேயே வேகமான சண்டை விமானங்கள்கூட ஒலியின் வேகத்தில் பாதியை எட்டாதவை. ஐந்தரை வருடம் கழித்து, 1947 ஒக்டோபர் 14இல், அமெரிக்காவின் சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் மாக் 1ஐத் தாண்டிவிட்டார். அவ்வளவு வேகத்தில் வேகம் கூடிய காலம்.

இனி ஐந்துக்கு வருவோம்.

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். பத்து முப்பது தடவை வேகமாக அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். உராய்வும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் முக்கியமாகக் காற்றை நெருக்கியதால் வந்த சூடு அது. வேகமான விமானம் சூடாவதும் பெரும்பாலும் இப்படித்தான். 'காற்றோடு உராய்ந்து தீப்பிடிக்கிறது' என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. உண்மையில் முன்னே நிற்கும் காற்று விலக நேரமில்லாமல் நெருக்குண்டு கொதிக்கிறது, அந்தக் கொதி விமானத்தைச் சுடுகிறது.

எவ்வளவு கொதிக்கும்? உயரத்தில் உள்ள அந்தக் குளிர்ந்த காற்றை எடுத்துக்கொள்ளுங்கள், பூச்சியத்துக்குக் கீழே 56 பாகை. மாக் 2இல் பறக்கும் விமானத்தின் மூக்கில் அது முட்டி நிற்கும்போது 110, 120 பாகைக்கு ஏறிவிடும். மாக் 3இல் 330ஐத் தாண்டும். மாக் 5இல்? ஆயிரத்துக்கு மேல். சூடு ஏறுவது வேகத்தின் வர்க்கத்தில். வேகம் இரண்டு மடங்கானால் ஏறும் சூடு நான்கு மடங்கு. ஆயிரம் பாகையில் அலுமினியம் எப்போதோ உருகி ஓடியிருக்கும். வெள்ளியும் உருகும். பொன் உருக இன்னும் கொஞ்சம்தான் தேவை. நகை செய்கிற பத்தரின் உலையை நினைத்துக்கொண்டால் சரி, விமானத்தின் மூக்கு அதற்குள் இருக்கிறது.

பழைய கொன்கோர்ட் பயணிகள் விமானம் மாக் 2ஐக் கொஞ்சம் தாண்டிப் பறந்தது. 1976 முதல் 2003 வரை சேவையில் இருந்தது, லண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு மூன்றரை மணித்தியாலம். அதன் மூக்கு 127 பாகை வரை சூடாகலாம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். பறக்கும்போது உடல் விரிந்து ஏறத்தாழ ஒரு சாண் நீண்டுவிடும். அலுமினியத்தாலேயே அதைச் செய்ய முடிந்தது. இன்னும் வேகம் கூட்டியிருந்தால் முடிந்திருக்காது. அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமானம் மாக் 3ஐத் தாண்டியது, அதற்காக உடலைத் தைத்தேனியத்தில் செய்தார்கள். சூட்டில் விரியட்டும் என்று மூட்டுகளில் இடைவெளி விட்டதால் தரையில் நிற்கும்போது அதிலிருந்து எரிபொருள் ஒழுகும். பறந்து சூடானால்தான் இடைவெளி அடைபடும்.

இதெல்லாம் சுப்பர்சொனிக். கஷ்டம் இருக்கிறது, ஆனால் சூடாவது விமானம். காற்று காற்றாகவே இருக்கிறது. மாக் 5 அளவுக்கு வந்தால் காற்றே வேறு பொருளாக மாறத் தொடங்குகிறது. மூலக்கூறுகள் சூட்டில் உள்ளுக்குள்ளேயே அதிரத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் படித்த வாயுச் சமன்பாடுகள் பிசகும். இன்னும் ஏறி 2,000 பாகையைத் தாண்டினால் ஒட்சிசன் மூலக்கூறு இரண்டாகப் பிரியத் தொடங்கும். 4,000 அளவில் நைதரசனும் பிரியும். அதற்கும் மேலே இலத்திரன்கள் கழன்று, காற்று மின்னேற்றம் பெற்ற ஒரு பிழம்பாகிவிடும். விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சில நிமிடங்கள் வானொலித் தொடர்பு அறுந்துபோகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சுற்றியிருக்கும் அந்தப் பிழம்பு வானொலி அலையை மறைப்பதால் வருவது.

இன்னொன்றும் உண்டு. வேகம் கூடக் கூட அந்தக் கூம்பு ஒடுங்கும். மாக் 2இல் நன்றாக விரிந்திருக்கும் அலை, மாக் 5இல் உடலோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி நெருங்கி வந்துவிடும். அலைக்கும் உடலுக்கும் இடையில் அகப்பட்ட மெல்லிய படைக்குள்தான் அத்தனை கொதியும். விமானம் செய்பவருக்குத் தூக்கம் போவது அங்கேதான்.

ஆகவே ஐந்து என்பது இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கும் இடத்தில் போட்ட ஒரு கோடு. 4.9இல் ஒன்றுமில்லாமல் இருந்து 5.0இல் திடீரென்று எதுவும் வெடிப்பதில்லை. 18 வயது வந்தால் வாக்குரிமை என்கிறோம். பிறந்தநாளுக்கு முதல்நாள் இரவு யாருக்கும் புத்தி முளைப்பதில்லை. ஆனாலும் எங்கோ ஒரு இடத்தில் கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? அந்த மாதிரி. மாக் 1 அப்படியில்லை. அது இயற்கையே போட்ட கோடு, மேளம் முந்துகிறதா சுவாமி முந்துகிறாரா என்ற கேள்வி. மாக் 5 மனிதர் வசதிக்குப் போட்டது.

இந்த வேகத்தில் மனிதர் போனதுண்டா என்று பெடியன் கேட்டான். போயிருக்கிறார்கள், அதுவும் எப்போதோ. 1949 பெப்ரவரியில் அமெரிக்காவில் ஏவிய ஒரு ஈரடுக்கு ரொக்கெட் மாக் 5ஐத் தாண்டியது. மனிதர் என்று பார்த்தால் முதல் ஆள் யூரி ககாரின். 1961 ஏப்ரல் 12இல் விண்வெளியிலிருந்து அவர் திரும்பியபோது காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தது மாக் 25 அளவில். விண்வெளி வீரர் ஒவ்வொருவரும் வீடு திரும்பும் வழி ஹைப்பர்சொனிக்தான். 2003 பெப்ரவரி 1இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா ஓடம் சிதறியதும் அந்த வழியில்தான். இடது இறக்கையின் முன்விளிம்பில் விழுந்திருந்த ஓட்டை வழியே அந்தக் கொதிக்கும் காற்று உள்ளே புகுந்துவிட்டது.

கைப்பிடி பிடித்து ஓட்டிய விமானம் என்றால் எக்ஸ்-15. பெரிய விமானம் ஒன்றின் இறக்கைக்குக் கீழே தொங்கிக்கொண்டு மேலே போய், அங்கிருந்து விழுந்து ரொக்கெட்டை மூட்டிப் பறப்பது. 1967 ஒக்டோபர் 3இல் பீற் நைட் அதில் மாக் 6.7ஐ எட்டினார், மணிக்கு 7,274 கிலோமீற்றர். ஆள் ஓட்டிய, என்ஜின் பூட்டிய விமானத்தில் அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. சோதனைக்காக வயிற்றுப்பக்கம் பொருத்தியிருந்த மாதிரி என்ஜின் ஒன்று சூட்டில் கழன்றே போய்விட்டது.

இவ்வளவு நடந்தும் நாம் ஏன் இன்னும் கொழும்புக்கு ஆறேழு மணித்தியாலம் பஸ்ஸில் இடிபடுகிறோம்? நேர்கோட்டில் அது 240 கிலோமீற்றர்கூட இல்லை, மாக் 5இல் மூன்று நிமிடத்துக்குள் முடிகிற தூரம். (அந்த வேகத்தை எடுக்கவும் குறைக்கவும் அதைவிடப் பல மடங்கு தூரம் வேண்டும் என்பதை விட்டுவிடுங்கள்.) என்ஜின்தான் தகராறு.

ரொக்கெட் தன் ஒட்சிசனையும் சுமந்து போகும், அதனால் பாரம். ஜெற் என்ஜின் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுக்கும், ஆனால் உள்ளே வரும் காற்றை முதலில் வேகம் குறைத்தால்தான் எரிக்க முடியும். ஆடி, ஆவணிக் கச்சான் காற்றில் கோவில் வாசலில் கற்பூரம் கொளுத்திப் பார்த்திருக்கிறீர்களா? கையைக் குவித்து மறைப்புக் கட்டினால்தான் பற்றும். சாதாரண ஜெற் என்ஜினுக்குள் அந்தக் கை மறைப்பு இருக்கிறது. மாக் 5இல் வரும் காற்றை அப்படி மறித்தால் மறித்த இடத்திலேயே ஆயிரம் பாகை. என்ஜினே உருகும், எரிபொருள் எரிந்து பயனும் இல்லை. ஆகவே காற்றை முழுக்க மறிக்காமல், உள்ளேயும் அது ஒலியைவிட வேகமாகவே ஓட விட்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே எரிபொருளைத் தெளித்து எரித்து முடிக்க வேண்டும். இதற்கு ஸ்கிராம்ஜெற் என்று பெயர். சுற்றும் விசிறி எதுவும் இல்லாத வெறும் குழாய். எளிமையாகத் தெரியும், ஆனால் மறைப்பில்லாமல் கற்பூரம் கொளுத்துகிற வேலை. அதிலும், நின்ற நிலையில் அது வேலை செய்யாது; வேறு ஏதாவது ரொக்கெட் அதைத் தூக்கிக்கொண்டு போய் வேகம் ஏற்றிவிட வேண்டும்.

2004 நவம்பரில் நாசாவின் ஆளில்லா எக்ஸ்-43ஏ இப்படி மாக் 9.6ஐ எட்டியது, என்ஜின் எரிந்தது பத்து செக்கன் அளவில்தான். 2016 ஓகஸ்டில் இந்தியாவின் இஸ்ரோ ஸ்கிராம்ஜெற்றைப் பறக்கவிட்டுப் பார்த்தது. 2020 செப்டெம்பரில் இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் மாக் 6 அளவில் இருபது செக்கன் ஓட்டியது. செக்கன் கணக்கைப் பாருங்கள். பயணிகள் விமானம் என்ற பேச்சுக்கு இன்னும் எவ்வளவோ தூரம்.

நம் செய்திகளில் இந்தச் சொல் அடிபடுவது பெரும்பாலும் ஏவுகணையோடு. அங்கே ஒரு கவனம் தேவை. வளைவாக எறியப்பட்டு மேலே போய் விழும் பழைய ரகத் தூர ஏவுகணைகள் எல்லாமே விழும்போது மாக் 5ஐத் தாண்டியவைதான். வேகத்தை மட்டும் பார்த்தால் அவையும் ஹைப்பர்சொனிக். இன்று 'ஹைப்பர்சொனிக் ஏவுகணை' என்று தனியாகப் பெயர் சொல்வது, அந்த வேகத்தோடு காற்றுமண்டலத்துக்குள்ளேயே வழி மாறி மாறிப் போகக்கூடியவற்றை. எங்கே விழும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது என்பதில்தான் எல்லாருக்கும் பயம். இந்திய ரஷ்யக் கூட்டுத் தயாரிப்பான பிரமோஸ் மாக் 2.8 அளவில் போவது, எனவே சுப்பர்சொனிக். அதை ஹைப்பர்சொனிக் என்று எழுதினால் பிழை.

இணைய வேகத்துக்கும் மிக்ஸிக்கும் 'ஹைப்பர்சொனிக்' என்று விளம்பரம் வருகிறதே என்றால், அது சின்னக் கடைக்குச் 'சுப்பர்' என்று பெயர் வைப்பது மாதிரி. விட்டுவிடலாம்.

தமிழில் எப்படி எழுதுவது? 'அதிமீயொலி' என்று சிலர் எழுதுகிறார்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மீயொலிக்கே இரண்டு பொருள் இருக்கும்போது அதன் தலையில் 'அதி'யையும் ஏற்றினால் வாசிப்பவர் ஸ்கேன் அறைக்கும் விமானத் தளத்துக்கும் நடுவில் நின்று முழிப்பார். 'வேகம்' என்ற சொல்லைச் சேர்த்து 'அதிமீயொலிவேகம்' என்றால் குழப்பம் தீரும், ஆனால் வாய் வலிக்கும். என் விருப்பம்: முதல் தடவை 'ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகம்' என்று விரித்து எழுதிவிட்டு, அப்புறம் ஹைப்பர்சொனிக் என்றே போவது. பஸ், ஸ்கேன் எல்லாம் தமிழாகிவிட்டதே, இதுவும் ஆகட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து தட்டச்சுக்காரனுக்குத்தான் தெரியும். லகரத்துக்குப் பதில் ளகரம் விழுந்துவிட்டால் 'ஒளியைவிட ஐந்து மடங்கு வேகம்' ஆகிவிடும். ஒளி செக்கனுக்கு மூன்று லட்சம் கிலோமீற்றர் போகும், ஒலியைப்போல் எட்டரை லட்சம் மடங்குக்கும் மேல். ஒளியை எதுவும் முந்த முடியாது என்று ஐன்ஸ்டைன் சொன்னதை ஒரே ஒரு விசையில் கவிழ்த்துவிடலாம். இணையத்தில் இந்தப் பிழையை நான் கண்டது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

பெடியனின் அட்டையை இலவசமாகத்தான் மாற்றிக் கொடுத்தேன், வேறு வழி? எக்ஸ்-15இன் படம் ஒன்றை அவனே தேர்ந்தெடுத்தான். கன்னங்கரேல் என்று, இறக்கை இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய உடம்பு. "இது விமானம் மாதிரியே இல்லையே அண்ணா, ஈட்டி மாதிரி இருக்கு" என்றான். தலைப்பையும் மாற்றச் சொன்னான்: 'ஒலியை வென்ற விமானங்கள்'. அந்த 'லி'யை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.